இன்ஜினியர் மகள்



"வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வந்தவள் நீ ஒருத்திதான். மலருக்கு நீ கட்டுரை தரலேன்னா எப்படி? என்ன பார்த்தே, என்ன சாப்பிட்டே, அதை எழுது போதும்" என்று மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார். சரியென்று உட்கார்ந்தேன். பார்த்ததும் சாப்பிட்டதும் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் நான் சொன்ன ஒரு பொய்தான் முதலில் பேனா முனைக்கு வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க் கிராமம் எங்களுடையது. அம்மா கைநாட்டு. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைப் பார்த்த முதல் ஆள் நான்தான். நம்ம கல்லூரியில் சிவில் சேர்ந்தேன். நான்காம் செமஸ்டரில் மாணவர் பரிமாற்ற உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் எங்கள் ஹெச்.ஓ.டி. சும்மா போட்டு வைத்தேன். கிடைத்துவிட்டது! 2025 பிப்ரவரி முதல் மே வரை, ஸ்பெயினில் வலென்சியா நகரம். பாஸ்போர்ட், விசா, ஊரார் பேச்சு ("வயசுப் பிள்ளையைத் தனியா அனுப்புறானே!") எல்லாவற்றையும் இங்கே தாண்டிப் போய்விடுகிறேன். அதை எழுதினால் தனி மலரே போட வேண்டும்.

ஊரும் வீடும்

வலென்சியா மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது. மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்து ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். அவர்கள் வாயில் அது 'பலென்சியா' என்றுதான் கேட்கிறது. எனக்கு இடம் கொடுத்திருந்தது பெனிமக்லேத் என்ற பகுதியில், நான்காவது மாடியில், கணவரை இழந்த ஒரு பாட்டியம்மா வீட்டில். ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்து பிறகு நகரத்தோடு சேர்ந்துபோன இடம் அது. இப்போதும் தெரு முடிந்தவுடன் வயல் ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் டிராம் ஓடுகிறது, இன்னொரு பக்கம் வெங்காயப் பாத்தி! முதல் நாள் ஜன்னலைத் திறந்து அந்தப் பாத்தியைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மூன்று மாதம் செல்போனில் ஸ்பானிஷ் படித்துவிட்டு, ஓரளவு பேசிவிடலாம் என்ற தைரியத்தில் போனேன். தெருப் பலகையைப் பார்த்தால் இரண்டு மொழி! ஸ்பானிஷ் ஒன்று, அந்த வட்டாரத்துத் தாய்மொழியான வலென்சியானோ இன்னொன்று. பாட்டியம்மா என்னிடம் ஸ்பானிஷ் பேசுவார், பக்கத்து வீட்டம்மாவிடம் வலென்சியானோ பேசுவார். ரகசியம் பேச இரண்டு மொழி இருப்பது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த சங்கடம் சாப்பாட்டு நேரம். காலையில் ஒரு காபி, ஒரு ரொட்டித் துண்டு. பத்தரை மணிக்குப் பெரிய ரொட்டிக்குள் என்னென்னவோ வைத்து ஒரு சாப்பாடு. மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேலே. இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு! ஏழரை மணிக்கே வயிறு மணியடிக்கிற நம்ம ஹாஸ்டல்காரிக்கு எப்படி இருக்கும்? பெட்டியில் கொண்டுபோன சின்ன குக்கரில் ஏழு மணிக்கு சாதம் வைத்தேன். முதல் விசில் வந்ததும் பாட்டியம்மா அறையிலிருந்து ஓடி வந்து சுவரோடு ஒட்டி நின்றார். அவர்களிடமும் குக்கர் உண்டு. ஆனால் அது இப்படி விசிலடிக்காதாம். "வெடிக்குமா?" என்று சைகையில் கேட்டார். "மூன்று தடவை கத்தும், அப்புறம் சோறு" என்று விரலைக் காட்டினேன். அதற்குப் பிறகு விசிலை அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஒன்பதரை மணிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. சாப்பிட்டு முடித்துப் பத்தரைக்கு நான் போன் போட்டால் நம்ம ஊரில் விடியற்காலை மூன்று மணி. அப்பா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குக் கிளம்புகிற நேரம். பிப்ரவரியில் கண்மாயில் கடைசித் தண்ணீர் கிடந்தது. அப்பா நடந்துகொண்டே பேசுவார். தவளைச் சத்தம் வலென்சியா வரைக்கும் கேட்கும்.

பொய்

முதல் வாரம் வகுப்பு. இருபத்திரண்டு பேர். பேராசிரியர் வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதைவிட அதிர்ச்சி, பையன்கள் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான். நம்ம மொழியில் நீ, நீங்கள் இருப்பதுபோல அவர்களுக்கும் 'தூ', 'உஸ்தேத்' என்று இரண்டு உண்டு. பேராசிரியரை எல்லாரும் 'தூ' என்றே பேசினார்கள். அதாவது, "நீ கொடுத்த கணக்கு எனக்குப் புரியவில்லை" என்பது மாதிரி! அவரும் கோபிக்கவில்லை. நாலு மாதமும் எனக்கு வாய் வரவே இல்லை. நான் மட்டும் 'உஸ்தேத்' என்றே முடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரிலும் ஒருவரை எல்லாரும் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிடுவார்கள். எட்டு வயசுப் பையன்கூடக் கூப்பிடுவான். அது என் அப்பா. அவர் எங்கள் கண்மாயின் நீர்க்கட்டி. மடை திறப்பது, அடைப்பது, வாய்க்கால் பார்ப்பது, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. சம்பளம் கிடையாது. அறுவடையின்போது களத்தில் ஏக்கர் கணக்குப் போட்டு நெல் அளப்பார்கள். ஊரில் எந்தத் தெருவிலிருந்து நீர்க்கட்டி வருவார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பேராசிரியரை 'நீ' என்பதும் என் அப்பாவை 'நீ' என்பதும் ஒன்றில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லாரும் தன்னைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி அப்பா டிராம் ஓட்டுகிறார் என்றாள். ஒருவன் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை என்றான். என் முறை வந்தது. ஸ்பானிஷில் தயார் செய்து வைத்த நான்கு வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார் பேராசிரியர். 'நீர்க்கட்டி'க்கு என்னிடம் ஸ்பானிஷ் வார்த்தை இல்லை. அது உண்மைதான். ஆனால் வார்த்தை இல்லாததால் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை.

"இன்ஜினியர். பாசன இன்ஜினியர்" என்றேன்.

பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, நீ வர வேண்டிய ஊருக்குத்தான் வந்திருக்கிறாய்!" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு மே மாதம்தான் புரிந்தது.

ஆறு இல்லாத பாலங்கள்

வலென்சியா நடுவில் பெரிய பெரிய கல்பாலங்கள் இருக்கின்றன. கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை. மரமும் புல்வெளியும் சைக்கிள் பாதையும்தான். துரியா என்ற ஆறு அங்கே ஓடியது. 1957 அக்டோபர் 14 அன்று பெருவெள்ளம் வந்து நகரத்தையே மூழ்கடித்தது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுத் தடம் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காலியான பழைய தடத்தில் நெடுஞ்சாலை போட அரசாங்கம் திட்டமிட்டது. மக்கள் விடவில்லை. எங்களுக்கு ரோடு வேண்டாம், பச்சை வேண்டும் என்று போராடினார்கள். இன்றைக்கு அது கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் நீளப் பூங்கா. சிவில் படிக்கிற நமக்கு, ஆற்றைத் திருப்பியதைவிட ரோட்டை நிறுத்தியதுதான் பெரிய பாடம் என்று எனக்குப் பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் போவதற்கு மூன்று மாதம் முன்னால், 2024 அக்டோபர் 29 அன்று, வலென்சியா மாகாணத்தில் மறுபடியும் பெருவெள்ளம். இருநூற்று இருபதுக்கு மேல் உயிர்கள் போயின. புதுத் தடம் நகரத்தைக் காப்பாற்றிவிட்டது. அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா, கத்தரோகா போன்ற ஊர்கள்தான் சேற்றில் புதைந்தன. என் பக்கத்து பெஞ்சுப் பெண் பைபோர்த்தாக்காரி. ஒருநாள் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தெருச் சுவர்களில் என் தலைக்கு மேலே பழுப்புக் கோடு. "தண்ணி இங்கே நின்றது" என்று கையை உயர்த்திக் காட்டினாள். நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர், அதிலும் நம்ம வயசுப் பிள்ளைகள், துடைப்பமும் மண்வெட்டியுமாகப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். வெள்ளத்தைச் சொல்லும்போது அழவில்லை.

வெடியும் இருட்டும்

மார்ச் மாதம் அந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். 'ஃபாயாஸ்' என்று திருவிழா. முதல் தேதியிலிருந்து 19 வரை தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் வெடி. வாணவேடிக்கை இல்லை, வெறும் சத்தம்! பட்டப்பகலில் பார்க்க ஒன்றும் இருக்காது. கேட்க மட்டும்தான். தாளக்கட்டோடு ஏறி ஏறிப்போய்க் கடைசியில் நெஞ்சுக்கூடே அதிரும். நம்ம ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு கேட்டு வளர்ந்த எனக்கே காது அடைத்துவிட்டது. தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்கு உருவபொம்மைகள் நிற்கும். ஒரு வருஷம் உழைத்துச் செய்ததை 19ஆம் தேதி ராத்திரி கொளுத்திவிடுகிறார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பொம்மை மட்டும் தப்பிக்கும். நம்ம போகிதான். ஆனால் பழசை எரிப்பதில்லை, புத்தம் புதுசை எரிக்கிறார்கள்.

மார்ச் 30 ஞாயிறு அதிகாலையில் எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். வெயில் காலத்துக்காக வருஷா வருஷம் செய்வதாம். அப்பாவிடம் சொன்னேன். "சூரியனுக்கும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 28ஆம் தேதி இன்னொரு கூத்து. அன்றைக்கு அந்த ஊர்ப் புனிதர் விசென்ட் ஃபெரர் திருநாள், விடுமுறை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டிலும் பெரும்பகுதி இருண்டுவிட்டது! லிஃப்ட் நின்றது, டிராம் நின்றது, அடுப்புகூட மின்சார அடுப்பு. கடையில் கார்டு எடுபடவில்லை. சட்டைப்பையில் ரொக்கம் வைத்திருப்பவனே அன்றைக்கு ராஜா. பாட்டியம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் நிதானமாக வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன், மெழுகுவத்தி தேடி எடுத்தேன், ஐந்தாவது மாடித் தாத்தாவுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். "உனக்குப் பயமே இல்லையா?" என்றார் பாட்டியம்மா. "அம்மா, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்ததே இப்படித்தான்" என்றேன். அந்த ஊரில் மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்த நாள் அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் தெருவுக்கு இரவுதான் கரண்ட் வந்தது. அதுவரைக்கும் எல்லாரும் தெருவில் நாற்காலி போட்டு, ஒரு பழைய டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாலு மாதத்தில் நான் அதிகமாக ஸ்பானிஷ் பேசியதும் அன்றுதான்.

காந்தல்

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் செயலாளர் அண்ணன் விடமாட்டார். வலென்சியா அரிசி தின்கிற ஊர். தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் வயல்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகலமான இரும்புத் தட்டில் 'பயேயா' செய்வார்கள். கோழி, முயல், அவரை, குங்குமப்பூ, அரிசி. ஒரே விதி, அரிசி போட்ட பிறகு கிண்டக் கூடாது! நான் பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்தேன். பாட்டியம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அடியில் பிடித்துக் காந்தின சோற்றுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு, 'சொகர்ராத்'. அதற்குத்தான் போட்டி. விருந்தாளி என்று எனக்கு முதலில் சுரண்டிப் போட்டார்கள். எங்கள் வீட்டில் காந்தல் எப்போதும் அம்மாவுக்கு. எல்லாரும் தின்ற பிறகு பானையைச் சுரண்டித் தின்பார். அது அம்மாவுக்குப் பிடிக்கும் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று 'ஓர்ச்சாத்தா'. பால் மாதிரி வெள்ளையாக, இனிப்பாக, ஜில்லென்று ஒரு பானம். பக்கத்து ஊர் அல்போராயாவில்தான் ரொம்பப் பிரபலம். எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு வகைக் கோரைக்கிழங்கிலிருந்து! நம்ம வயலில் அப்பா கிள்ளிக் கிள்ளி எறிகிற கோரைக்குச் சொந்தக்காரச் செடி அது. அங்கே பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சிப் பயிர் பண்ணுகிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணி

மே மாதம் ஒரு வியாழக்கிழமை பேராசிரியர் எங்களைப் பெரிய கோயிலின் அப்போஸ்தலர் வாசலுக்குக் கூட்டிப்போனார். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது. கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வரிசையாக வந்து வட்டமாகப் போட்ட மர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வயசானவர்கள். வெயிலில் காய்ந்த முகம். வெடித்த விரல்கள். யார் இவர்கள் என்று கேட்டேன். "நீதிபதிகள். தண்ணீர் நீதிமன்றம்" என்றார் பேராசிரியர்.

நண்பர்களே, அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். துரியா ஆற்றிலிருந்து வயல்களுக்குப் போகும் கால்வாய்களை 'அசேக்கியா' என்கிறார்கள். சொல்லே அரபியிலிருந்து வந்தது. அந்த ஊரை அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அமைந்த பாசன முறை. ஒவ்வொரு கால்வாய்க்கும் விவசாயிகளே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள்தான் இந்த நீதிபதிகள். வக்கீல் கிடையாது. எழுத்து வழக்கு கிடையாது. எல்லாம் வாய்மொழி, அதுவும் அவர்கள் தாய்மொழியில். யார் பேச வேண்டும் என்று தலைவர் கையால் காட்டுவதில்லை, காலால் காட்டுவார்! (நம்ம ஊரில் காட்டினால் அது தனி வழக்காகிவிடும்.) புகார் எந்தக் கால்வாயைப் பற்றியதோ அந்தக் கால்வாய்க்காரர் தீர்ப்பில் வாய் திறக்க மாட்டார். இந்தக் கரைக்காரன் மேல் புகார் என்றால் அந்தக் கரைக்காரர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ஸ்பெயின் சட்டமும் இதை நீதிமன்றமாக ஏற்றிருக்கிறது. 2009இல் யுனெஸ்கோவும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கையில் பித்தளைக் கொக்கி வைத்த கோலுடன் ஒரு சேவகர் எழுந்து ஒவ்வொரு கால்வாயின் பெயராகச் சொல்லி, புகார் உண்டா என்று கூவினார். ஊர்க் கால்பந்து மைதானத்துக்குப் பெயர் கொடுத்த மெஸ்தாயாவும் அதில் ஒரு கால்வாய். ஒரு பெயர், கொஞ்சம் மௌனம். அடுத்த பெயர், மௌனம். புகார் ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். "இவ்வளவுதானா?" என்றான் ஒரு பையன். "முக்கால்வாசிச் சண்டை வாய்க்கால் கரையிலேயே தீர்ந்துவிடும். இங்கே வருவதுதான் அவமானம்" என்றார் பேராசிரியர்.

நான் அந்தக் கொக்கிக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை இல்லை, மெருகு இல்லை, மற்றபடி அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது. மடைவாயில் சிக்கும் செத்தையை இழுக்க.

சாயங்காலம் பெனிமக்லேத் வயலுக்கு வந்தோம். அங்கே லெவலிங் எடுப்பதுதான் எங்கள் பிராஜெக்ட். வாய்க்கால் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லாக் கால்வாய்க்கும் ஒரே விகிதத்தில் பங்கு குறையும் என்றார். பேராசிரியர் என்னைக் காட்டி, "இந்தப் பெண்ணின் அப்பா இந்தியாவில் பாசன இன்ஜினியர்" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? உங்கள் ஊரில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வீர்கள்?"

எனக்கு இதுதான் தெரியும். தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். கண்மாய் நிறைந்திருக்கும்போது அவரவர் வயலுக்கு அவரவர் விட்டுக்கொள்ளலாம். தண்ணீர் இறங்கிவிட்டால் முறை வந்துவிடும். அப்புறம் நிலத்துக்காரர் யாரும் மண்வெட்டி எடுத்து வாய்க்காலை வெட்டக் கூடாது. ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. ஒரே ஒருத்தர்தான் பாய்ச்சுவார். பயிர் வேர் நனைந்தால் போதும், அடுத்த வயல். ராத்திரியில் தண்ணீர் எந்த வயலில் எவ்வளவு நிற்கிறது என்று விளக்கு இல்லாமல் காலாலேயே பார்ப்பார். வார்த்தை கிடைக்காத இடத்தில், குதிகாலால் மண்ணைத் தள்ளி வாய் அடைப்பதைச் செய்தே காட்டினேன். சின்ன வயசில் அப்பா பின்னால் போய்ப் பழகியது.

பெரியவர் என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "உன் அப்பா இன்ஜினியர் இல்லை" என்றார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இல்லை" என்றேன்.

"என்னை மாதிரி."

"ஆமாம்."

எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பேராசிரியர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காலையில் பார்த்தாயே, அந்த நாற்காலியில் உட்கார நிலத்தில் இறங்கி உழைக்கிறவனாக இருக்க வேண்டும். இன்ஜினியருக்கு அங்கே இடமில்லை. எனக்கு இல்லை, உன் அப்பாவுக்கு உண்டு" என்றார்.

அவர் நல்ல மனசோடு சொன்னார். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. அந்த நாற்காலியில் உட்கார உழைப்பு மட்டும் போதாது, சொந்த நிலம் வேண்டும் என்றும் பெரியவர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஊர் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். அங்கே பிறந்திருந்தாலும் அந்தப் பெரியவர் மாதிரி வெளியே நின்றுதான் பார்த்திருப்பார். இதைப் பேராசிரியரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

போன்

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். மே மாதம் கண்மாய் காய்ந்து கிடந்தது. அப்பா நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இன்ஜினியர்னு சொன்னியே தாயி, சம்பளம் எவ்வளவுன்னு கேக்கலையா?" என்றார்.

"கேக்கலப்பா."

"நல்லவேளை. நீ குறைச்சுச் சொல்லியிருப்பே."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவருக்கு வேண்டியதைக் கேட்க ஆரம்பித்தார். மடை கல்லா, பலகையா? ராத்திரித் தண்ணி திருடுறவங்க அங்கேயும் இருக்காங்களா? புகாரே வரலேன்னியே, அப்போ வாய்க்கால் காவக்காரன் நல்லா வேலை பார்க்கிறான்னு அர்த்தம், இல்லையா? நான் பார்த்த எட்டு நீதிபதிகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காவல்காரரைப் பற்றித்தான் கேட்டார். அவருக்குக் கூலி நெல்லா, பணமா என்று கேட்டார். பணம், மாதா மாதம், ஓய்வூதியமும் உண்டு என்றேன். "ம்..." என்றார். அவ்வளவுதான்.

கடைசி வாரம் பிராஜெக்ட் வைவா. கால்வாயின் சாய்வு, ஓட்டம் எல்லாம் முறையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எங்கள் கண்மாய் முறையையும் ஐந்து நிமிஷம் சொன்னேன். போர்டில் தமிழில் 'நீர்க்கட்டி' என்று எழுதி, "இதற்கு உங்கள் மொழியில் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் அப்பா இது" என்றேன். பைபோர்த்தாக்காரத் தோழி அந்த எழுத்தை அப்படியே பார்த்து நோட்டில் வரைந்துகொண்டாள். 'க்'குக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். நான் வைத்துக் கொடுத்தேன்.

ஊர் திரும்பி ஐந்தாம் செமஸ்டர் சேர்ந்தபோது ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் முன்பெல்லாம் 'விவசாயம்' என்று எழுதுவேன். நம்ம வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறோம். அதில் எத்தனை வீட்டில் நிலம் இருக்கிறது என்று நமக்குத்தான் தெரியும். இந்தத் தடவை 'நீர்க்கட்டி' என்று எழுதினேன். கிளார்க் அக்கா கண்ணாடியை இறக்கி, "இது என்னம்மா வேலை?" என்று கேட்டார்.

பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். நின்று, முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.